பச்சைக்குக் கைதட்டியவர்கள்

பொய் விற்பதற்குச் செஞ்சியில் கடை எடுக்க வேண்டியதில்லை. ஒரு கண்ணாடி டம்ளரும் அதில் கொஞ்சம் கலர் தண்ணீரும் போதும். வாங்குகிறவர்கள் தாங்களாகவே வந்து வரிசையில் நின்றுவிடுவார்கள்.

அந்த வரிசையைத்தான் ஜெயஸ்ரீ பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். திண்டிவனத்தில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். பெரும்பாலும் மாப்பிள்ளை குடிக்கிறானா, ஏற்கெனவே கல்யாணமானவனா என்று பார்த்துச் சொல்லும் பிழைப்பு. மனிதர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வளர வாய்ப்பில்லாத தொழில். பக்கத்தில் கன்னியப்பன். அவளுடைய உதவியாளன், பைக் ஓட்டி, வாயாடி. மூன்றாவது சமோசாவில் இருந்தான்.

எதிரே ஜெயக்கொடி. சிங்கவரத்துக்காரி. பஜாரில் ராஜகோபால் பாத்திரக்கடையில் பித்தளைச் சாமான் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை. டீ ஆறிப்போயிருந்தது.

வீடியோவில் காவி கட்டிய ஒருவன் மேசை மீது டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தான். எல்லாவற்றிலும் ஊதாத் தண்ணீர். ராஜகோபால் வீட்டுப் பரம்பரை அட்டிகை காணாமல் போய்விட்டது. திருடியவரைக் கண்டுபிடிக்கச் சத்தியத் தீர்த்தம். ஒவ்வொருவராக விரலை விட வேண்டும். ராஜகோபால் விட்டார், ஊதா. மகன் ஸ்ரீஹரி ஒரு கையால் வீடியோ எடுத்தபடி மறு கையை விட்டான், ஊதா. மருமகள் பிரவீணா, ஊதா. ராஜகோபாலின் மனைவி வேதநாயகி விட்டதும் தண்ணீர் பச்சையாகிவிட்டது.

"அம்பாள்! பச்சைநாயகி இந்த வீட்ல குடியிருக்கிறா!" என்று சாமி கத்தினான். கடைக்குள் நின்ற கூட்டம் கைதட்டியது. கற்பூரம் காட்டினார்கள். ரெண்டு பேர் அந்த அம்மாள் காலில் விழுந்தார்கள்.

கடைசியில் ஜெயக்கொடி. விரல் பட்ட இடத்திலிருந்து தண்ணீர் சிவந்துகொண்டே போனது. யாரோ காறித் துப்பும் சத்தம் வீடியோவில் தெளிவாகக் கேட்டது.

"நான் எடுக்கலம்மா" என்றாள் ஜெயக்கொடி.

"எடுத்தியான்னு நான் கேக்கல."

"ஊரே கேக்குது. எல்லா குரூப்லயும் இந்த வீடியோதான் ஓடுது. சிங்கவரம் பஸ்ல என் பக்கத்து சீட்டு காலியா வருதும்மா. நிக்கிறவங்ககூட உக்கார மாட்டேங்கிறாங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அட்டிகையைக் குடுக்கலைன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. இல்லாத அட்டிகைக்கு நான் எங்க போவேன்?"

"அந்தத் தண்ணி எப்படி இருந்துச்சு?"

"சில்லுனு."

"வாசனை?"

ஜெயக்கொடி தயங்கினாள். "சொன்னா பாவம்."

"ஜெயிலுக்குப் போறதைவிடவா?"

"கோஸு வேக வெச்ச நாத்தம்மா. யாருமே சொல்லல. நானும் சொல்லல."

கன்னியப்பன் சமோசாவை விழுங்கினான். "கங்கை, காவிரி, கோஸு. மூணும் புண்ணிய நதி மேடம்."

"உன்னைக் கூப்பிடும்போது இன்னா செஞ்சிட்டு இருந்த?"

"பெரிய குத்துவிளக்கு தேய்ச்சிட்டு இருந்தேன். பாதியில கூப்ட்டாங்க. கையை முந்தானையில தொடச்சிட்டு ஓடினேன்."

"எதை வெச்சுத் தேய்ப்ப?"

"பித்தளைக்கு வேற இன்னா? புளிதான்."

ஜெயஸ்ரீ வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டாள். இந்த முறை ஜெயக்கொடியின் சிவப்பு டம்ளரை அவள் பார்க்கவில்லை. கூட்டம் கைதட்டிய டம்ளரைப் பார்த்தாள். கற்பூரம் காட்டி, பாட்டுப் பாடி, ஆளாளுக்கு விழுந்து எழுந்து முடிப்பதற்குள் அந்தப் பச்சை மஞ்சளாக மாறிவிட்டிருந்தது. சாமி அதற்கும் ஒன்று சொன்னான்: "மகாலட்சுமியும் வந்துட்டா!"

"கன்னியப்பா, எழுந்திரு. கோஸ் வாங்கணும்."

* * *

மார்க்கெட்டில் நாலு கடைக்காரர்கள் ஊதா கோஸ் என்றதும் சிரித்தார்கள். ஐந்தாவது ஆள் அரிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. சாக்குக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். உருண்டையாக, கருநீலமாக, மெழுகு பூசினதுபோல் இருந்தது.

"இந்த ஊர்ல இதை யாருங்க துன்றா?" என்றான் கன்னியப்பன்.

"ஒருத்தனும் துன்ன மாட்டான். கோயம்பேட்டுல இருந்து சொல்லி வெச்சு எடுத்தாரேன். மலையனூர் ரோட்ல ராஜாங்கம் சாமி இருக்காரு பாரு, அவருக்கு. அமாவாசைக்கு முன்னாடி மூட்டையாவே போவும்."

"சாமிக்குப் பொரியல்னா உசிரா?"

"நானும் கேட்டேன். நைவேத்தியம்னாரு. எந்த அம்மனுக்குய்யா கோஸு நைவேத்தியம்? வியாபாரம் ஆவுதேன்னு வாயை மூடிக்கினேன்."

ஊரில் எல்லோரும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நாற்றம் தெரிந்தவர்கள் பாவம் என்று மூடிக்கொண்டார்கள். கோஸ் விற்றவன் லாபம் என்று மூடிக்கொண்டான். திறந்திருந்த ஒரே வாய் சாமியுடையது.

மடம் என்பது ஒரு தகரக் கொட்டகை. முன்னால் சூலம், பின்னால் மிக்ஸி. இவர்கள் போனபோது ராஜாங்கம் சாமி பின்பக்கத்தில் இருந்தார். துணியில் எதையோ வடிகட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் பத்தும் ஊதா.

"தரிசனம் சாயங்காலம்தான்" என்றார்.

ஜெயஸ்ரீ முன்பக்கம் போனாள். சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி வந்து, நகத்தால் கிழித்து, அவர் வடிகட்டிய தண்ணீரில் பிழிந்தாள். பாத்திரம் முழுக்கச் சிவந்தது.

"சாமி, நீங்கதான் திருடன்" என்றான் கன்னியப்பன். "தீர்த்தமே சொல்லிடுச்சு. போலீஸுக்குத் தனியா சாட்சி வேணுமா?"

ராஜாங்கம் ஒரு நொடி கண்ணை மூடி அருள் வரவழைக்கப் பார்த்தார். வரவில்லை. மடித்துக் கட்டியிருந்த காவியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு கல் மேல் உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் பேசியது சாமி பேச்சு இல்லை.

"இன்னா மேடம் பண்றது? யூடியூப்ல பாத்தேன். கோஸை அரைச்சு வெந்நீர்ல ஊறவெச்சா ஊதா. புளிப்பு பட்டா செவப்பு. அவ்ளோதான் எனக்குத் தெரியும். கூப்பிடறவங்களே யார் மேல சந்தேகம்னு முன்கூட்டி சொல்லிடுவாங்க. அந்த ஆளு கையில எலுமிச்சம்பழத்தைக் கீறிக் குடுத்துப் பிடிச்சிக்கச் சொல்வேன். அப்பறம் டம்ளர்ல விடச் சொல்வேன். செவக்கும். அவன் செய்யாத தப்பையும் ஒத்துக்குவான்."

"ஜெயக்கொடிக்கும் எலுமிச்சம்பழம் குடுத்தியா?"

"அதான் மேடம்! இவங்க யார் மேலயும் சந்தேகம் சொல்லல. அன்னிக்கு நான் பழமே எடுத்துனு போவல. எல்லாம் ஊதாவா இருக்கும், திருடன் வெளியாளுன்னு சொல்லிட்டு வந்துடலாம்னுதான் போனேன். அந்தப் பொம்பள விரலை வெச்சதும் தானா செவந்துச்சு. எனக்கே பயம் வந்துடுச்சு. நெஜமாவே சக்தி வந்துடுச்சோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"பச்சை?"

"அது இதுவரைக்கும் ஆனதே இல்ல. நான் இன்னா கண்டேன்? பாதியில முழிச்சா அடிப்பாங்களே. அம்பாள்னு சொல்லி வெச்சேன். கைதட்டினாங்க. அப்பறம் அது மஞ்சளாச்சு. அதுக்கும் கைதட்டினாங்க."

கன்னியப்பன் தலையில் கை வைத்தான். "நீலமாயிருந்தா நீ கண்ணன்னு சொல்லியிருப்ப, உறியடியே வெச்சிருப்பாங்க."

ஜெயஸ்ரீ வெளியே வந்தாள். வெயில் மலைப் பாறைகளில் பட்டு முகத்தில் அடித்தது.

"கேஸ் முடிஞ்சுது மேடம். புளிதான் செவப்பு. ஜெயக்கொடி தப்பிச்சா."

"பாதி முடிஞ்சுது. செவப்புக்குக் காரணம் கிடைச்சா அவ திருடலைன்னு ஆகாது. அவ திருடினதுக்கு அத்தாட்சி இல்லைன்னுதான் ஆகும். ராஜகோபால் மாதிரி ஆளுக்கு அந்த வித்தியாசம் புரியாது. அட்டிகை கைக்கு வரணும்."

"அதுக்கு எங்க போறது?"

"அந்த முட்டாள் தண்ணி ஒரே ஒருத்தரைப் பத்தி உண்மை சொல்லியிருக்குது. அங்க போறோம்."

* * *

கடைக்குப் பின்னால் வீடு. நடுவே முற்றம். அங்கேதான் ஜெயக்கொடி உட்கார்ந்து தேய்க்கிற கல். கல்லின் மேல் அந்தப் பெரிய குத்துவிளக்கு அப்படியே கிடந்தது. தண்டு வரை தங்கமாய் மின்னியது, அதற்குக் கீழே கறுப்பு. சத்தியத் தீர்த்தம் வந்த நாளிலிருந்து யாரும் தொடவில்லை. தொடுவது அவர்கள் வேலை இல்லை.

முற்றத்துச் சுவர்கள் வெள்ளையாக இருந்தன. மூலையில் வாய் அகன்ற ஒரு மண்பானை. மேலே பலகை, பலகை மேலே செங்கல். கன்னியப்பன் தூக்கிப் பார்த்தான்.

"சுண்ணாம்பு மேடம்."

"எப்பங்க வெள்ளையடிச்சீங்க?" என்று ஜெயஸ்ரீ கேட்டாள்.

"கார்த்திகைக்கு" என்றார் ராஜகோபால். நெற்றி நிறையத் திருநீறு, கையில் மோதிரங்கள், குரலில் கல்லாப்பெட்டி. "அதுக்கும் அட்டிகைக்கும் இன்னாம்மா சம்பந்தம்? இவளைக் கூட்டியாந்திருக்கீங்க, அட்டிகையையும் கூட்டியாந்தீங்களா?"

ஜெயக்கொடி வாசல்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

வேதநாயகி காபி கொண்டுவந்தாள். பட்டுப்புடவை. அம்பாள் பட்டம் வந்ததிலிருந்து வீட்டிலேயே பட்டுதான் கட்டுகிறாளாம். டம்ளரை நீட்டிய வலது கையில் தேங்காயெண்ணெய் மினுமினுத்தது. விரல் இடுக்குகளில் தோல் உரிந்திருந்தது.

"கையில இன்னாம்மா?"

"தோசைக்கல்லு சுட்டுடுச்சு."

"விரல் சந்துலயா?" என்றான் கன்னியப்பன். "கல்லோட கை கோத்துக்கிட்டீங்களா?"

வேதநாயகி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஜெயஸ்ரீ கோஸை மருமகள் பிரவீணாவிடம் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு ஏழாவது மாதம். மெதுவாக நடந்து போய், சொன்னபடியே அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி எடுத்துவந்தாள். வீடு முழுக்க அந்த நாற்றம். ராஜகோபால் மூக்கைச் சுளித்தார். போன வெள்ளிக்கிழமை இதே நாற்றத்தை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

மூன்று டம்ளர்கள். ஜெயஸ்ரீ கல்லின் மேல் காய்ந்து கிடந்த புளியில் ஈர விரலைத் தேய்த்து முதல் டம்ளரில் விட்டாள். சிவந்தது.

"உங்க சத்தியத் தீர்த்தம் இதுதான். ஊதா கோஸு. புளிப்பு பட்டா செவப்பாகும், சோடா உப்பு மாதிரி காரம் பட்டா பச்சையாகும். அதுக்குப் புளியும் தெரியாது, திருட்டும் தெரியாது. உங்க வீட்டு விளக்கை உங்க வீட்டுக்காகத் தேய்ச்ச கையைத்தான் திருட்டுக் கைன்னு ஊருக்குக் காட்டினீங்க. ராஜாங்கமே எங்ககிட்ட ஒத்துக்கிட்டான்."

ராஜகோபால் டம்ளரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். ஸ்ரீஹரி தரையைப் பார்த்தான்.

"சரி, அவன் ப்ராடுன்னே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "அதனால இவ எடுக்கலைன்னு ஆயிடுமா? வேற யாரு எடுப்பா? நாங்க எல்லாம் வீட்டு ஆளுங்க."

ஜெயஸ்ரீ கன்னியப்பனைப் பார்த்தாள். சொன்னேனா இல்லையா என்ற பார்வை.

"அன்னிக்குப் பச்சையும் வந்துச்சே. அதை யாரும் ஏன்னு கேக்கலையே?"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்தேன்" என்றாள் வேதநாயகி. அவளை யாரும் கேட்கவில்லை.

"நல்லது. பிரவீணா, நீ போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வந்து இதுல விடும்மா."

பிரவீணா விட்டாள். இரண்டாவது டம்ளர் கொஞ்சம் நீலம் கண்டது. கொஞ்சம் பச்சை சேர்ந்தது. அங்கேயே நின்றது. கன்னியப்பன் ஒரு குச்சியைப் பானைச் சுண்ணாம்பில் தொட்டுவந்து மூன்றாவதில் கலக்கினான். இலைப் பச்சை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்து மஞ்சளுக்குப் போனது.

"மகாலட்சுமி வந்துட்டா" என்றான் கன்னியப்பன். "யாராவது கால்ல விழுங்க."

யாரும் விழவில்லை. மூன்றாவது டம்ளரும் வீடியோவில் இருந்த டம்ளரும் ஒன்று என்பது கண் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்தது.

"வெத்தலை போடுவேன்" என்றாள் வேதநாயகி, குரல் இறங்கி. "அந்தச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும்."

"அத்தை, நீங்க வெத்தலையே போட மாட்டீங்களே" என்றாள் பிரவீணா. குற்றம் சாட்டும் குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

ஜெயஸ்ரீ பானையைத் தூக்கிவரச் சொல்லி ராஜகோபாலின் முன்னால் வைத்தாள். பலகையை எடுத்தாள். சுண்ணாம்பு களிபோல் குழைந்திருந்தது. மேலே தெளிந்த தண்ணீர்.

"கார்த்திகைக்கு அடிச்ச மிச்சம். இந்நேரத்துக்குக் கல்லாயிருக்கணும். யாரோ அப்பப்ப தண்ணி ஊத்தி எளக்கமா வெச்சிருக்காங்க. ஐயா, ஒரு தடவை கையை விட்டுத் துழாவிப் பாருங்க."

"நானா?"

"வீட்டு ஆளு வேற யாரு?"

ராஜகோபாலுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வேலைக்காரிக்காகத் தன்னை இப்படி ஆட்டிவைக்கிறாளே என்ற கோபம். யோசிக்கிற பழக்கம் இல்லாத மனிதர், சட்டைக் கையை மடித்தார், முழங்கை வரை இறக்கக் குனிந்தார்.

"ஏங்க, வேணாம்! வெந்துடும்! கரண்டியால எடுங்க!"

கத்தியது வேதநாயகி.

ஜெயஸ்ரீ அவள் பக்கம் திரும்பினாள். "எதை எடுக்கணும்மா?"

முற்றத்துச் சுவர் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தது. வேதநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கன்னியப்பன் சமையலறையிலிருந்து நீளக் கரண்டியைக் கொண்டுவந்தான். இரண்டாவது துழாவலில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் மேலே வந்தது. உள்ளே சிவப்புக் கல் வைத்த அட்டிகை. சுண்ணாம்பு படாமல் பத்திரமாக இருந்தது. படாமல் இருந்தது அது மட்டும்தான்.

"சுண்ணாம்புல யாரும் கை விட மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் ஜெயஸ்ரீ. "சாமி வரான்னதும் பயந்து, இருக்குதான்னு பாக்க நீங்களே விட்டீங்க. தண்ணியில அலம்பிட்டு வந்து நின்னீங்க. சுண்ணாம்பு போகல. கைதட்டினாங்க."

வேதநாயகி அழுதாள். அழுகையோடு காரணமும் வந்தது. அட்டிகை அவளுடைய மாமியாருடையது. பேரன் மனைவிக்குச் சீமந்தத்தில் அதைப் போட்டுவிட வேண்டும் என்று அந்தக் கிழவி சொல்லிவிட்டுச் செத்தாள். பிரவீணாவுக்கு அடுத்த வாரம் சீமந்தம். "நான் இந்த வீட்டுக்கு வந்து இத்தினி வருஷத்துல அதை நாலு தடவைதான் கழுத்துல போட்டேன். அதுக்குள்ள இவளுக்கா?"

அவ்வளவுதான். ஒரு கழுத்திலிருந்து இன்னொரு கழுத்துக்குப் போகக் கூடாது. அதற்காக மூன்றாவது ஒருத்தி கழுத்தில் கத்தி வைத்தாலும் பரவாயில்லை. இந்த ஆசைக்குத்தான் கற்பூரம் காட்டியிருந்தார்கள்.

ராஜகோபால் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். கல்லாப்பெட்டிக் குரல் திரும்பிவிட்டது. "சரி, பொருள் கிடைச்சிடுச்சு. இது குடும்ப விஷயம். வெளிய போக வேணாம். ஜெயக்கொடி, நீ நாளையிலிருந்து வேலைக்கு வந்துடு. நடந்ததை நாங்க பெருசா எடுத்துக்கல."

கன்னியப்பனுக்கே ஜோக் வரவில்லை.

ஜெயக்கொடி அன்று முதல்முறையாகப் படியேறி உள்ளே வந்தாள். நேராக ஸ்ரீஹரியிடம் போய் நின்றாள்.

"தம்பி, அந்தப் போனை எடு. அன்னிக்குப் புடிச்ச மாதிரியே புடி. உங்கம்மா எங்க வெச்சாங்கன்னு அவங்க வாயால சொல்லட்டும். எந்தெந்த குரூப்ல என்னைப் போட்டியோ அதுல எல்லாம் போடு."

"ஏய், குடும்ப மானம்டி!" என்றார் ராஜகோபால்.

"எனக்கும் குடும்பம் இருக்குது மொதலாளி. என் பக்கத்து சீட்டுதான் காலியா இருக்குது."

"சாயங்காலம் ஸ்டேஷன் போறதா இருந்தீங்களே" என்றாள் ஜெயஸ்ரீ. "வாங்க, சேந்தே போகலாம். பொய்ப் புகார் எழுதப் போனவர்னு உங்களையும், அட்டிகையோட பானையையும் காட்டுறேன்."

ராஜகோபால் கடைவாசல் பக்கம் பார்த்தார். இரண்டு வாடிக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மகனுக்குத் தலையசைத்தார்.

ஸ்ரீஹரி எடுத்தான். முதல் தடவை சரியாக வரவில்லை, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அம்பாள் பட்டுப்புடவையில் நின்று, "ஜெயக்கொடி எடுக்கல. நான்தான் சுண்ணாம்புப் பானையில ஒளிச்சு வெச்சேன்" என்று சொன்னாள். சொல்லி முடித்ததும் கன்னியப்பன் வாசலைப் பார்த்துக் கேட்டான்: "அன்னிக்குக் கைதட்டினவங்க யாராவது இருக்கீங்களா?"

எட்டிப் பார்த்த இரண்டு தலைகளும் காணாமல் போயின.

வீடியோ போய்ச் சேர்ந்த சத்தம் கேட்கும்வரை ஜெயக்கொடி காத்திருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

"நாளைக்கு வருவ இல்ல?" என்றார் ராஜகோபால். "விளக்கு பாதியில நிக்குது பாரு."

அவள் விளக்கைப் பார்த்தாள். காலால்கூடத் தொடவில்லை.

"அம்மாவைத் தேய்க்கச் சொல்லுங்க. புளி கல்லு மேலயே இருக்குது. தேய்ச்சு முடிச்சதும் அந்த டம்ளர்ல கையை விடச் சொல்லுங்க. எப்படிச் செவக்குதுன்னு பாப்பாங்க."